காற்றும் வேண்டும், காதும் வேண்டும்!

விசிறியைப் போட்டால் காது போகிறது. நிறுத்தினால் மார்பு போகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டோடு பட்டறை வைத்துப் பிழைக்கும் உழைப்பாளியின் கதி இன்று இதுதான்.

முன்கூடத்தில் வெல்டிங் மிஷின். கொல்லையில் தகரக் கொட்டகை, அதற்குள் மரம் இழைக்கும் மிஷின். வேலை செய்வது யார்? புருஷன், பெண்டாட்டி, மைத்துனன். அறுவடை முடிந்து வயலில் வேலையில்லாத நாட்களில் கிராமத்திலிருந்து வந்து சேரும் விவசாயக் கூலி. புகையையும் தூளையும் வெளியே தள்ளச் சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது போடுகிற கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்க முடியவில்லை. சண்டை வருகிறது. வீட்டுச் சொந்தக்காரர் மிரட்டுகிறார். கடைசியில் என்ன நடக்கிறது? விசிறி நிற்கிறது, வேலை நிற்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு புகைக்குள்ளேயே வேலை நடக்கிறது.

இது சாதாரண விஷயமா? மரத்தூள் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1995இலேயே அறிவித்துவிட்டது. வெல்டிங் புகையையும் அதே பட்டியலில் 2018இல் சேர்த்தது. ஆகவே விசிறி ஆடம்பரமல்ல, உயிர்க் காவல். அதை நிறுத்தச் சொல்வது மூச்சை நிறுத்தச் சொல்வதற்குச் சமம்.

அதற்காக, புகார் சொல்லும் அண்டை வீட்டார் நமக்கு எதிரியா? இல்லை! அவரும் உழைப்பாளிதான். இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் கண்ணயர்பவர் அவர். அவருடைய புகார் நியாயமானது. உழைப்பாளியை உழைப்பாளியோடு மோதவிட்டு, வேலையைக் கொடுத்து லாபத்தை எடுத்துப் போகிறவர் ஓசையில்லாமல் ஒதுங்கிக்கொள்கிறாரே, அதுதான் அநியாயம்!

மூன்று சமாதானங்கள்

நம்மிடம் மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சமாதானம்: பட்டறை என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும். பொய்! சுத்தியல் அடித்தால் சத்தம் வரும். அது வேலையின் சத்தம். விசிறியின் கூச்சலில் பெரும்பகுதி வேலையின் சத்தமல்ல, கஞ்சத்தனத்தின் சத்தம். விசிறியை நேராகத் தகரத்தில் முடுக்கினால் தகரம் முழுவதும் பறையாகிறது. இறக்கையில் ஒரு பக்கம் தூசி அப்பினால் நிறை தவறி ஆடுகிறது. பேரிங் தேய்ந்தால் கத்துகிறது. காற்று உள்ளே வர எதிர்ச்சுவரில் வழி விடாமல் கதவையும் சாத்தினால் விசிறி திணறுகிறது. சத்தம் மிஞ்சுகிறது, புகையும் போவதில்லை.

இரண்டாவது சமாதானம்: சரி செய்யச் செலவாகும். என்ன செலவு? சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் துண்டு. இறக்கையைத் துடைக்க ஒரு துணி. தேய்ந்த பேரிங்குக்குப் பதில் புதியது. அடுத்து, நிமிஷத்துக்கு 1,400 சுற்று சுற்றும் சின்ன விசிறிக்குப் பதில் 900 சுற்று சுற்றும் பெரிய விசிறி. அதே காற்றை மெதுவாகத் தள்ளும். இது வெறும் யூகமல்ல, விசிறி செய்பவர்களே வைத்திருக்கும் கணக்கு. ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ சுமார் 15 டெசிபல் இறங்கும். அப்படி இரண்டு விசிறி வைத்தால் பழைய காற்று முழுதும் கிடைக்கும். இரைச்சல் அப்போதும் சுமார் 12 டெசிபல் குறைவு. விசிறி இழுக்கும் சக்தியும் கணக்குப்படி நாலில் ஒரு பங்காகிவிடும். செலவு செலவு என்று அலறுகிறவர்கள் கரண்டு பில்லையாவது பார்க்கட்டும்!

வெளிப்புறம் ஒரு பெட்டி கட்டி, காற்று ஒரு முறை வளைந்து போகும்படி செய்து, உட்புறம் கண்ணாடிப் பஞ்சு ஒட்டினால் தெருவுக்குப் போகும் சத்தம் இன்னும் அடங்கும். காற்று போகும் வழி மட்டும் குறுகக் கூடாது. எச்சரிக்கை: தீப்பொறி பறக்கும் பட்டறையில் தென்னை நாரோ, மெத்தை ஸ்பாஞ்சோ ஒட்டக் கூடாது. காதைக் காக்கப் போய் கொட்டகையை எரித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது சமாதானம்: காதில் பஞ்சை வைத்துக்கொள். வெறும் பஞ்சு இரைச்சலைத் தடுக்காது. தரமான காதடைப்பான் கிரைண்டர் பிடிக்கிறவனுக்கு அவசியம்தான். ஆனால் அது கடைசி அரண். இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே அடக்காமல் உழைப்பாளியின் காதை அடைக்கச் சொல்வது, கூரை ஒழுகினால் குடை பிடித்துக்கொண்டு தூங்கச் சொல்வது போல.

கிரைண்டர் அவ்வப்போது நிற்கும். விசிறி நிற்பதில்லை. ஆகவே காதுக்கு ஓய்வே கிடையாது. உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்போன்ற அணுக்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஓசைகள். சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. பேரக் குழந்தை என்ன கேட்கிறது என்று விளங்காமல் தாத்தா சிரித்து மழுப்புகிறாரே, அது பெரும்பாலும் வயசின் கோளாறு என்றே எழுதி முடிக்கப்படுகிறது. அவர் முப்பது வருஷம் எங்கே வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை!

தெருவுக்கு 55, தொழிலாளிக்கு 90

சட்டம் என்ன சொல்கிறது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. நல்லது. ஆனால் ஃபாக்டரிகளுக்கென 1948 சட்டத்தின்கீழ் வகுத்த விதிகள் தொழிலாளியின் காதுக்கு 90 டெசிபல் வரை, 8 மணி நேரம் அனுமதித்தன. ஒலியின் சக்தியாகக் கணக்கிட்டால் 55க்கும் 90க்கும் இடையே சுமார் 3,000 மடங்கு! தெரு வேறு, பட்டறை வேறு என்று வாதாடலாம். காது ஒன்றுதானே, ஐயா?

அந்த 90 கூட 8 மணி நேரத்துக்கு வகுத்த கணக்கு. 8 மணி நேரம் சும்மா வந்ததா? நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று மில் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியான பிறகுதான் அங்கே 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. வீட்டுப் பட்டறையிலோ கடிகாரமே கிடையாது. ஆர்டர் அவசரம் என்றால் விடிய விடிய வேலை. 90இன் பாதுகாப்பு கூட அங்கே எட்டாது.

1948 சட்டத்தில் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது ஃபாக்டரி. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்போ அதை 20 ஆக உயர்த்திவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் வீட்டுப் பட்டறை கணக்கிலேயே இல்லை. வேலையைச் சிதறடித்து வீடு வீடாகக் கொடுப்பதன் சூட்சுமம் இதுதான்: ஃபாக்டரியில் விசிறி மாட்டுவது முதலாளியின் கடமை, வீட்டில் மாட்டுவது உழைப்பாளியின் தலைவிதி!

ஆனால் அபாயகரமான வேலை என்றால் ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் சட்டத்தை விரிவுபடுத்தச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் காகிதத்தில் தூங்கலாமா?

நமது கோரிக்கைகள்

வீடுகளுக்கு ஜாப் வேலை கொடுக்கிறவர்கள் விசிறிக்கும், ரப்பருக்கும், பெட்டிக்கும் உரிய செலவைக் கூலிக்கு மேல் தனியாகத் தர வேண்டும்.

வெல்டிங், மரவேலை, கல்வேலை நடக்கும் சிறு பட்டறைகளை அபாயத் தொழில் என்று அறிவித்துச் சட்டத்தை அவற்றுக்கும் விரிவுபடுத்த வேண்டும். தண்டிக்க அல்ல, இரைச்சலை அளந்து வழிகாட்ட, தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகள் தெருவுக்கு வர வேண்டும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் உழைப்பாளிகளுக்கென்று நாள் ஒதுக்கிக் காதுச் சோதனை நடத்த வேண்டும். இரைச்சலால் வரும் செவிட்டுத்தனம் நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய் என்று நாட்டின் சட்டமே ஏற்றிருக்கிறது. சோதனைச் சீட்டு இல்லாமல் நஷ்டஈடு எப்படி வாங்குவது?

மில் தொழிலாளத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! நெல் அடிக்கும் மிஷினருகே நின்றாலும், தறியருகே நின்றாலும், தகரக் கொட்டகைக்குள் நின்றாலும் காது ஒரே காதுதான். பட்டறைக்காரரும் பக்கத்து வீட்டாரும் ஒரே மகஜரில் கையெழுத்திடட்டும். மூச்சா, காதா என்று நம்மைக் கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. இரண்டும் நமக்கு வேண்டும்!