பட்டறைக்காரருக்கு ஏற்ற கண்ணாடி

கடந்த மாதம் சைக்கிள் கரியர் ஒன்றை ஒட்டுவிக்க எமது சந்தியிலுள்ள வெல்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். முகமூடியைப் பிடித்துக்கொண்டுதான் ஒட்டினார். ஒட்டி முடிந்ததும் அதைக் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்த வாசிப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, கசடைத் தட்டத் தொடங்கினார். சுவரில் ஓர் ஆணியிலே பாதுகாப்புக் கண்ணாடி தூசி படிந்து தொங்கியது.

"ஏன் அண்ணை, அதைப் போடேல்லையே?" என்று கேட்டேன்.

"அதைப் போட்டால் ஒட்டு தெரியாது தம்பி. இதுக்கு மேலே அதையும் போட்டால் வேர்வையில புகார் மாதிரி மூடுது."

அவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பதைத் தாண்டினால் அநேகமாக எல்லோருக்கும் கிட்ட இருப்பது மங்கும். வேலையை மறைக்கும் கண்ணாடியை எந்தத் தொழிலாளியும் அணியமாட்டார். ஆயினும் கசடு தட்டும் நேரமே ஆபத்தான நேரம். சூடான துண்டு நேரே முகத்துக்கு எகிறும். சாதாரண மூக்குக்கண்ணாடி அதைத் தடுக்கும் என்று பலர் நம்புகின்றனர். அடி பலமானால் கண்ணாடி வில்லை உடைந்து அதன் சில்லே கண்ணில் ஏறலாம். பிளாஸ்ரிக் வில்லையும் சட்டத்தை விட்டு உட்பக்கமாகக் கழன்று விழலாம். பக்கங்களோ திறந்தபடி.

ஆகவே, பவர் தேவைப்படுபவருக்கு அவருடைய பவரிலேயே செய்த பாதுகாப்புக் கண்ணாடிதான் வேண்டும் என்பது என் கருத்து. வில்லை பொலிகாபனேற்றாக இருக்கட்டும். சட்டமும் அதற்கென்றே செய்ததாக, பக்கக் காப்புடன் இருக்கவேண்டும். அமெரிக்கத் தரப்படி பவர் வில்லை போடுவதற்கான சட்டத்தில் 'இசட் 87-2' என்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். பழைய சட்டத்தில் புது வில்லை போட்டு ஏமாறவேண்டாம்.

கண் பரிசோதிப்பவரிடம் "வாசிக்க" என்று மட்டும் சொன்னால், புத்தகம் பிடிக்கும் தூரத்துக்கே பவர் எழுதுவார். உங்கள் வேலை இரண்டடித் தூரத்தில் இருந்தால் அதை அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள். தலைக்கு மேலே ஒட்டுபவர் அதையும் சொல்லவேண்டும். இரட்டை வில்லையில் கிட்டப் பார்க்கும் பகுதி கீழே இருப்பதால் அவர் கழுத்தை முறித்தல்லவா பார்க்கவேண்டி வரும்!

கடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனியுங்கள், தலையை இருபுறமும் ஆட்டுங்கள். வழுகினால் வேண்டாம். இமைமயிர் வில்லையில் முட்டக்கூடாது. புருவத்துக்கு மேலே பெரிய இடைவெளி இருக்கக்கூடாது. காதின் பின்புறம் நோகக்கூடாது. "வடிவாயிருக்கு" என்று கடைக்காரர் சொல்வது போதாது.

இது முகமூடிக்குப் பதிலல்ல. ஒட்டும்போது கறுப்புக் கண்ணாடியுள்ள முகமூடி கட்டாயம் வேண்டும். பொலிகாபனேற்றைத் தின்னராலோ அசற்றோனாலோ துடைத்தால் பழுதாகிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

விலை கூடத்தான். ஒரே அளவுக் கண்ணாடிகளைப் பெட்டி பெட்டியாகப் பங்கிடும் உதவி நிறுவனங்கள், அவற்றில் எத்தனை ஆணியில் தொங்குகின்றன என்று ஒருமுறை வந்து பார்க்கட்டும். ஒட்டு இயந்திரத்துக்கும் கிறைண்டருக்கும் கடன் கொடுக்கும் எமது சங்கங்கள் இக்கண்ணாடியையும் ஒரு கருவியாகக் கணக்கில் சேர்த்தால் என்ன?

பட்டறைக்காரர் தமது பழைய பவர்ச் சீட்டைத் தேடி எடுத்துவிட்டார். வேலை மேசையிலிருந்து தமது கண்ணுக்குள்ள தூரத்தையும் ரேப்பால் அளந்து, அதன் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார்.