பாலைவனத்தில் ஒரு மெரீனா

மகாநாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவு வருவன பந்தல், தோரணம், வரவேற்புக் கமிட்டி, தலைவர் ஊர்வலம், தீர்மானங்கள் ஆகியவை. மகாநாடு முடிந்த மறுநாள் பந்தற்காலைப் பிடுங்கும்போது தீர்மானங்களையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்துவிடுவது பெரும்பாலும் வழக்கம். ஆனால் தோரணமும் ஊர்வலமும் இன்றி, யாரும் எதிர்பாராத ஓர் ஊரில், மூன்றே நாள் நடந்த ஒரு சிறு மகாநாட்டைச் சூழ்ந்து எழுந்த கேள்வி ஒன்று, அரை நூற்றாண்டு காலமாக உலகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் அது என் வீட்டுக் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

வந்த விதம் இதுதான். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய மாணவன் ஒருவனைப் பற்றி வீட்டில் நான் சற்றுக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். என் பெண் இடைமறித்தாள்.

"அப்பா, நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் வினாத்தாள் தயாரிக்கிறீர்களே, அந்த மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதுதானா?"

"யந்திரத்தை விற்றவர் அதையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார், அம்மா" என்றேன்.

"அவருக்கு யார் கொடுத்தார்கள்?" என்றாள்.

நான் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு, பதில் தெரியாத கேள்வியைவிடப் பதில் தெரிந்த கேள்விதான் அதிகச் சங்கடம் தருகிறது.

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ என்னும் ராஜ்யத்தில் ஆல்புகர்க்கி என்று ஒரு நகரம் இருக்கிறது. ரியோ கிராண்டே நதிக்கரையில், ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில், கிழக்கே சாண்டியா மலை காவல் நிற்க அமைந்த ஊர். 1706-இல் ஸ்பானியர்கள் ஸ்தாபித்து, தங்கள் நாட்டுப் பிரபு ஒருவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். நாளடைவில் அப்பெயரிலிருந்த ஓர் 'ர'கரம் எங்கோ உதிர்ந்துபோயிற்று. 1970-களில் கம்ப்யூட்டர் என்றால் பெரிய கம்பெனிகளும் சர்வகலாசாலைகளும் கண்ணாடி அறைகளில் பூட்டி வைத்திருக்கும் பொருள். அது சாமானிய மனிதனின் மேஜைக்கு வரும் வழி இந்த வறண்ட ஊரின் ஊடே செல்லும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்த ஊருக்கு விமானப்படை உத்தியோகத்தில் வந்து சேர்ந்தவர் எட் ராபர்ட்ஸ் என்பவர். 1969-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'மிட்ஸ்' என்னும் சிறு கம்பெனியை ஆரம்பித்தார்கள். முதலில் பொம்மை ராக்கெட்டுகளுக்கான கருவிகளை விற்றார்கள். பிறகு கைக்கு அடக்கமான கணக்குக் கருவிகளை விற்றார்கள். பெரிய கம்பெனிகள் விலையை இறக்கிப் போட்டி போட்டதும் மிட்ஸ் லட்சக்கணக்கான டாலர் கடனில் மூழ்கியது. இந்த நிலையில் சாதாரண மனிதன் கடையை மூடுவான்; ராபர்ட்ஸ் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கினார். 360 டாலர் விலை போட்டிருந்த 'இன்டெல் 8080' என்னும் சில்லை, மொத்தமாக வாங்குவதாகச் சொல்லி, ஒன்று 75 டாலராகப் பேசி முடித்தார். அந்தச் சில்லை மூளையாக வைத்து அவர் அமைத்த யந்திரத்துக்கு 'ஆல்டேர்' என்று பெயர். ஆல்டேர் வானத்திலுள்ள ஒரு நட்சத்திரம். நம் பஞ்சாங்கத்தில் திருவோணம் என்று வழங்குவதும் அந்த நட்சத்திரத்தையே.

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையின் அட்டையில் ஆல்டேரின் படம் வெளிவந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலில் செய்து அனுப்பிய யந்திரம் வழியில் காணாமற்போகவே, அவசரமாக ஒரு வெறும் பெட்டிக்கு விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்தார்கள். உலகத்தை மயக்கிய அந்த அட்டைப்படத்தின் உள்ளே ஒன்றும் இல்லை!

விலை 397 டாலர். அந்தப் பணத்துக்குக் கிடைத்ததும் யந்திரமன்று. ஒரு பை நிறைய உதிரிச் சாமான்கள். வாங்கியவர் இரவு பகலாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொள்ள வேண்டும். அதன் ஞாபக சக்தியோ 256 எழுத்துக்கள்; ஒரு தபால் கார்டில் எழுதும் விஷயத்துக்கே காணாது. எழுத்துப் பலகை இல்லை; திரை இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டிக் கட்டளை கொடுத்தால், சிவப்பு விளக்குகள் மினுக்கிப் பதில் சொல்லும். இதை வாங்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். ஏன்? வீட்டில் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர், அதுவும் தன் கையால் பூட்டியது! தன் கையால் நூற்ற நூலில் நெய்த துணி முரடாயிருந்தாலும் அதை உடுத்துவதில் ஒரு பெருமை இருந்ததை அறிந்த நம் நாட்டாருக்கு, இந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை.

அந்த அட்டைப்படத்தைப் பார்த்துத் துள்ளியவர்களில் இருவர் பால் ஆலன், பில் கேட்ஸ் என்னும் வாலிபர்கள். யந்திரம் இருக்கிறது, அதனுடன் பேசப் பாஷை இல்லையே என்று அவர்கள் எண்ணினார்கள். பேஸிக் என்னும் எளிய கணிப்பாஷை தங்களிடம் தயாராயிருப்பதாக மிட்ஸ் கம்பெனிக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அப்புறம்தான் எழுத உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய எட்டு வாரம், ஆல்டேரைக் கண்ணாலும் காணாமல், ஹார்வர்டு சர்வகலாசாலைக் கம்ப்யூட்டரிலேயே அதை எழுதி முடித்தார்கள். காகித நாடாவில் துளைகளாகப் பதித்த அந்த வேலையை எடுத்துக்கொண்டு ஆலன் ஆல்புகர்க்கிக்கு விமானமேறினார். யந்திரத்துக்குள் அதை ஏற்றுவதற்கான ஆரம்பக் கட்டளைகளை எழுத மறந்தது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. விமானத்திலேயே அதையும் எழுதினார். மறுநாள் இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டதற்கு, நான்கு என்று யந்திரம் அச்சடித்துக் காட்டியது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும் விடைதான். ஆனால் அந்த நான்கிலிருந்து பிறந்த கம்பெனிதான் மைக்ரோஸாஃப்ட்.

இனித்தான் நம் கேள்வி வருகிறது. பேஸிக் வேண்டுமானால், கூடுதல் ஞாபகப் பலகைகளும் வேண்டும். மிட்ஸ் செய்த பலகைகள் சரியாக வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். அந்தப் பலகையுடன் சேர்த்து வாங்கினால் பேஸிக்கின் விலை 75 டாலர். தனியே கேட்டால் 500 டாலர். காலிபோர்னியாவில் 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று ஆர்வலர் சங்கம் ஒன்று 1975 மார்ச்சில் ஒரு வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஆரம்பமாகியிருந்தது. மிட்ஸ் கம்பெனியார் ஊர் ஊராகக் காட்சி நடத்தி வந்தபோது, பேஸிக் நாடா ஒன்று எப்படியோ இவர்கள் கைக்கு வந்தது. பிரதி எடுத்தார்கள், சங்கக் கூட்டத்தில் விநியோகித்தார்கள். ஒன்று எடுத்துப் போகிறவர் அடுத்த முறை இரண்டாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நம் ஊர்க் கடன்காரர்களும் கேட்கத் துணியாத வட்டி!

1976 பிப்ரவரி 3-ஆம் தேதியிட்டு, ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார் கேட்ஸ். அப்போது அவருக்கு வயது 20. நீங்கள் செய்வது திருட்டு என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூடப் பேஸிக்கைப் பணம் கொடுத்து வாங்கவில்லை. கிடைத்த ஊதியத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலரும் தேறவில்லை. செலவான கம்ப்யூட்டர் நேரத்தின் மதிப்போ 40,000 டாலருக்கு மேல். கூலியில்லாமல் நல்ல வேலை செய்ய யார் முன்வருவார் என்று கேட்டார்.

இந்தச் சூடு ஆறுவதற்குள், அதே வருஷம் மார்ச் 26 முதல் 28 வரை, ஆல்புகர்க்கி விமான நிலையத்தருகில் 'உலக ஆல்டேர் கம்ப்யூட்டர் மகாநாடு' கூடியது. ஏற்பாடு செய்தவர் மிட்ஸ் கம்பெனியின் செய்தித்தாளை நடத்திவந்த டேவிட் பன்னல். கூடிய இடத்தின் பெயர் ஏர்போர்ட் மெரீனா ஹோட்டல். சுற்றிலும் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கடல் கிடையாது, ஆனாலும் மெரீனா! சென்னை நேயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த மூன்று நாளும் அங்கே ஓர் அலை அடித்தது உண்மை. நாட்டின் பல பாகங்களிலிருந்து ஏறக்குறைய 700 பேர் வந்தார்கள். அதுவரை அவரவர் வீட்டில் தனியே அமர்ந்து, 'இவருக்கு என்ன பித்து?' என்று குடும்பத்தார் கேட்க, விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தவர்கள். தம்மைப்போல் இன்னும் 700 பித்தர்கள் இருப்பதைக் கண்ணால் கண்டதே அவர்களுக்குப் பெரிய லாபம்.

இரண்டு காட்சிகள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. ஒன்று: கடிதத்தில் யாரைத் திருடர்கள் என்றாரோ, அவர்கள் நடுவிலேயே வந்து நின்று பேசினார் கேட்ஸ். இன்னொன்று: ஆல்டேருக்குப் பொருந்தும் நல்ல ஞாபகப் பலகைகளைச் செய்து விற்ற ஒரு போட்டிக் கம்பெனியாருக்குக் கண்காட்சியில் இடம் மறுக்கப்பட்டது. அவர்கள் சளைக்கவில்லை; அதே ஹோட்டலின் உச்சி மாடியில் அறை எடுத்து, கையால் எழுதிய விளம்பரங்களை ஒட்டி, ஜனங்களை மேலே அழைத்துக்கொண்டார்கள். கதவைச் சாத்தினால் மனிதன் மாடிப்படியைத் தேடுகிறான்.

முடிவு என்ன? அடுத்த வருஷம் ஏப்ரலில் ஸான் பிரான்சிஸ்கோவில் கூடிய பெரிய சந்தைக்கு 12,000-க்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஆல்புகர்க்கியின் முதன்மை மறைந்தது. 1977-இல் ராபர்ட்ஸ் கம்பெனியை விற்றுவிட்டு, ஜார்ஜியா ராஜ்யத்தில் நிலம் வாங்கி, நாற்பது வயதுக்குமேல் வைத்தியம் படித்து, ஒரு சிற்றூரில் டாக்டராக இருந்து 2010-இல் காலமானார். கேட்ஸ் கம்பெனி 1979 ஆரம்பத்தில் ஊரை விட்டுப் போயிற்று. அவர் பிற்காலத்தில் உலகத்தின் பெருஞ்செல்வர் ஆனதை நேயர்கள் அறிவார்கள்.

'அப்படியானால் திருட்டினால் அவருக்கு என்ன நஷ்டம்?' என்று சிலர் கேட்கலாம். அவர்கள் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை. அந்த 40,000 டாலர் மதிப்புள்ள நேரத்தில் பெரும் பாகம் சர்வகலாசாலை யந்திரத்தினுடையது; அந்த யந்திரத்துக்கு அமெரிக்க ராணுவ இலாகாவின் பணம் உதவிற்று. பிரதிகள் பரவியதனாலேயே அந்தப் பேஸிக் எங்கும் நிலைபெற்றது என்பாரும் உண்டு. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லை என்று நாமும் சொல்வதுண்டு. ஆனால் முதல் விளக்குக்கு எண்ணெய் வார்த்தவன் யார், அவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்று கேட்க நாம் மறந்துவிடுகிறோம். ஒருவன் பிற்காலத்தில் செல்வனாவான் என்பதற்காக இன்று அவன் கூலியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எந்தத் தர்ம சாஸ்திரமும் சொல்லவில்லை.

அக்காலத்திலேயே மூன்றாவது வழி ஒன்றைக் கண்டவர்களும் இருந்தார்கள். டாம் பிட்மன் என்பவர் 'டைனி பேஸிக்' என்ற சிறு வகை ஒன்றை எழுதி, விலை 5 டாலர் என்றார். ஜனங்கள் மனமுவந்து பணம் அனுப்பினார்கள். லி சென் வாங் என்பவர் தம்முடையதை யாவரும் பிரதி எடுத்துக்கொள்ளலாமென்று பகிரங்கமாகவே கொடுத்துவிட்டார். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திருட்டல்ல. விலை சொல்வதெல்லாம் பேராசையுமல்ல. செய்தவனே கை திறந்து கொடுத்தால் அது தானம். அவன் கையை நாம் திறந்து எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. பரீட்சை அறையில் நான் இருபது வருஷமாகச் சொல்லிவரும் பாடமும் இதுதான். அதை என் வீட்டு மேஜைக்கு மட்டும் விலக்கு அளித்து வைத்திருந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பெண்ணும் நானுமாக அந்தப் பழைய மென்பொருளை நீக்கினோம். அதற்குப் பதிலாக, விலையின்றி வழங்குவதற்கென்றே பல தேசத்தார் கூடி இயற்றிவரும் 'லிப்ரே ஆஃபீஸ்' என்பதை ஏற்றிக்கொண்டோம். அத்தகைய மென்பொருள்களுக்குத் தமிழ் முகம் தந்தவர்களில் பலர் கூலி பெறாத தொண்டர்கள். பெரிய நகரங்களுக்கு அப்பால் தனியே அமர்ந்து உழைத்தவர்களும் அவர்களில் உண்டு. வினாத்தாளின் பத்திகள் முதல் நாள் கோணல்மாணலாகத்தான் வந்தன. இரண்டு நாளில் பழகிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், பார்த்து எழுதிய அந்தப் பையனைத் தனியே அழைத்துப் பேசினேன். முந்திய முறையைவிடக் குரல் தாழ்ந்தே இருந்தது. அவனும் முந்திய முறையைவிடக் கவனமாகக் கேட்டான்.