பழசானால் எல்லாமே ருசிக்குமா?

பழைய அரிசியில் சோறு உதிரி உதிரியாக வரும். புளி பழசாகிக் கறுத்துப்போனால் குழம்புக்கு நல்லது என்பார்கள் பாட்டிமார்கள். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் அரைத்த சாம்பார் பொடியையோ, மூடாமல் விட்ட காபிப் பொடியையோ யாரும் பெருமையாக எடுத்து நீட்டுவதில்லை. வயது ஏற ஏற சில பொருட்கள் தேறும், சில தேயும். சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சின்ன உண்மை, பைப் புகையிலை சேகரிப்பவர்கள் நடுவில் மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது!

பைப் என்றால் சினிமாவில் ஷெர்லாக் ஹோம்ஸ் வாயில் வைத்திருப்பாரே, அதேதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பைப் பிடிப்பவர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் புகையிலை டப்பாக்களை வாங்கி, திறக்காமலேயே ஐந்து, பத்து, இருபது வருடம் என்று அடுக்கி வைக்கிறார்கள். திராட்சை மதுவை நிலவறையில் வைத்துப் பழசாக்குவது போல என்பதால் இதற்கு 'செல்லரிங்' என்று பெயர். நின்றுபோன பிராண்டுகளின் பழைய டப்பாக்கள் புதியவற்றைவிடப் பல மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. வெனிலா, செர்ரி, ரம் வாசனை ஏற்றிய டப்பாக்களுக்கும் இதே மரியாதை கிடைப்பதுதான் வேடிக்கை.

வாசனைப் புகையிலை பழசானால் ருசி கூடுமா? பெரும்பாலும் கூடாது. ஏன் என்று புரிய வேண்டுமானால் இலையையும் வாசனையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் இலை. வர்ஜினியா வகை இலையைச் சூடான காற்றில் வைத்துப் பதப்படுத்துவார்கள். அதனால் அதில் சர்க்கரை நிறைய தங்கிவிடும், சில சமயம் 20 சதவீதம் வரை கூட. மூடிய டப்பாவுக்குள் இந்தச் சர்க்கரையும் இலையில் உள்ள அமினோ அமிலங்களும் மெதுவாக வினைபுரிகின்றன. தோசைக்கல்லில் இரண்டு நிமிடத்தில் மாவு சிவந்து முறுகுகிறதே, அதே வகை வேதிவினைதான். இங்கே வெப்பம் இல்லாததால் வருடக்கணக்கில் நடக்கிறது. இலை கறுக்கும், காரல் அடங்கும். இலையின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டினாய்டுகள் உடைந்து, பழத்தையும் பூவையும் நினைவுபடுத்தும் மணப்பொருட்களாக மாறும். ரோஜாவில் இருக்கும் டமாசினோன் அவற்றில் ஒன்று. ஆக, 'பழசு நல்லது' என்ற பேச்சு பொய்யல்ல. அது பிறந்த இடம் வர்ஜினியா இலை.

வாசனைப் புகையிலையின் கதை வேறு. அதில் அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் பர்லி இலையும், கறுப்பு கேவண்டிஷும்தான். பர்லி நிழலில் காற்றாட உலர்வது. சர்க்கரை ஏறக்குறைய இல்லை. பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் வாசனை ஏற்ற அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேவண்டிஷோ ஆவியில் வேகவைத்து அழுத்தப்பட்டது. காலம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பங்கைத் தொழிற்சாலையே முடித்துவிடுகிறது. வெந்த இட்லியை இன்னும் பத்து வருடம் வேகவைத்து என்ன ஆகப்போகிறது? :-)

அடுத்து மேலே தெளிக்கும் வாசனை. மணம் என்பதே காற்றில் பறக்கும் குணம். பறப்பதால்தான் மூக்குக்கு எட்டுகிறது, பறப்பதால்தான் தீர்ந்தும் போகிறது. செர்ரி வாசனைக்குப் பயன்படும் பென்சால்டிஹைடு, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால் பென்சாயிக் அமிலமாகிவிடும். அதற்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். பழ வாசனை தரும் எஸ்டர்கள் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடையும். வெனிலின் கொஞ்சம் நிலையானது. ஆனால் அதுவும், புகையிலை காயாமலிருக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலோடு பிணையக்கூடியது. மின் சிகரெட் திரவத்தில் இப்படி நடப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் காட்டினார்கள். வாசனைப் புகையிலை பலவற்றிலும் இந்த இரண்டும் ஒரே டப்பாவுக்குள்தான் இருக்கின்றன.

இதே கிளைக்கால் இன்னொரு ஏமாற்று வேலையும் செய்கிறது. பத்து வருடம் கழித்துத் திறந்தாலும் புகையிலை ஈரமாக, மெத்தென்று, நேற்று வாங்கியது போலவே இருக்கும். கைக்குப் புதுசு, மூக்குக்குப் பழசு. "எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள்!" என்று மகிழ்பவர் உண்மையில் பாராட்டுவது அந்த ரசாயனத்தைத்தான்.

இதற்கு அவர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நாளானால் வாசனையும் இலையும் ஒன்றோடொன்று கலந்து இசைந்துவிடுமாம். இதில் பாதி உண்மை உண்டு. புதிதாகத் தெளித்த ஆல்கஹாலின் நெடி அடங்கவும், வாசனை எல்லா இலையிலும் சமமாக ஊறவும் சில வாரங்கள் தேவை. ஊறுகாய் போட்ட அன்றே ருசிக்காதல்லவா? ஆனால் அது வாரக்கணக்கு, வருடக்கணக்கு அல்ல. வர்ஜினியா அதிகம் உள்ள வாசனைக் கலவை ஒன்று பத்து வருடம் கழித்து நன்றாக இருப்பதும் சாத்தியமே. அப்போது நன்றாக இருப்பது இலை. வாசனை போய்விட்டதால்தான் இலையின் ருசி வெளியே தெரிகிறது.

எல்லா வாசனையும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டியுள்ள கெண்டல் நகரம் ரோஜா, ஜெரேனியம், டோன்கா விதை மணங்கள் ஏற்றிய புகையிலைக்குப் பெயர் பெற்றது. ஒருமுறை அதைப் பிடித்த பைப்பில் அந்த மணம் குடியேறிவிடும். பிறகு எதைப் போட்டாலும் சோப்பு வாசனை அடிக்கிறது என்று புலம்புவார்கள். பெருங்காயம் வைத்த டப்பா போலத்தான்!

இப்படி நீடிக்கும் மணங்களில் ஒன்றின் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. டோன்கா விதையின் மணத்துக்குக் காரணம் கூமரின் என்ற பொருள். எளிதில் பறக்காது, எளிதில் உடையாது. அமெரிக்காவில் 1954-லேயே உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்டது. ஜெஃப்ரி வைகண்ட் என்ற விஞ்ஞானி பிரவுன் அண்ட் வில்லியம்சன் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் துணைத் தலைவராக இருந்தார். சர் வால்டர் ராலி என்ற பைப் புகையிலையிலிருந்து கூமரினை நீக்கச் சொன்னதாகவும், நீக்கினால் விற்பனை பாதிக்கும் என்று மறுக்கப்பட்டதாகவும் 1995-ல் அவர் சாட்சியம் அளித்தார். 1993-லேயே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். நிறுவனம் அவருடைய குற்றச்சாட்டுகளை மறுத்தது. 1999-ல் வந்த 'தி இன்சைடர்' படம் இவருடைய கதைதான். நல்ல மணம் என்பதும் நல்ல பொருள் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

வாசனைப் புகையிலை பழசாகும் விஷயம் வெறும் ருசிச் சண்டை அல்ல என்பதும் இங்கேதான் புரியும். 'பழமை', 'முதிர்ச்சி', 'கலவை நயம்' என்றெல்லாம் பேசப் பேச, கையில் இருப்பது மதுரசம் போல ஒரு கௌரவமான பொருள் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. டப்பாவுக்குள் மணம் குறையும், நிக்கோட்டின் குறையாது. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் பழசாவதால் மறைந்துவிடுவதில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வைத்தால் கூடவும் செய்யலாம். பைப் புகை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிறுவப்பட்ட உண்மை. இருபது வயது டப்பாவுக்கு அதில் சலுகை இல்லை.

இளைஞர்களை இழுக்கிறது என்பதால் அமெரிக்கா 2009-ல் மெந்தால் தவிர மற்ற வாசனை சிகரெட்டுகளைத் தடை செய்தது. பைப் புகையிலை அந்தத் தடையில் சேரவில்லை. காரலை மறைத்து உள்ளே அழைப்பதுதான் வாசனையின் வேலை என்றால், சிகரெட்டுக்கு ஒரு நியாயம், பைப்புக்கு ஒரு நியாயமா?

பழைய டப்பாவைச் சேகரிப்பவர் அதை ஒரு பழைய தபால்தலை போல வைத்துக்கொள்ளட்டும். டப்பாவின் படம், எழுத்து, நின்றுபோன ஒரு கம்பெனியின் நினைவு... இவற்றுக்கு மதிப்பு இருக்கலாம். ஆனால் அந்த விலையை ருசிக்கான விலை என்று சொல்லி விற்பதும் வாங்குவதும் சரியல்ல. வாசனை தன் காலம் முடிந்து போய்விட்டது. டப்பாவுக்குள் மிச்சம் இருப்பது புகையிலை, அதன் எல்லாக் கெடுதலோடும்.