பி.ஏ.வில் அரியர், எம்.ஏ.வுக்குப் பணமா? உஷார்!

"ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாமாமே! அப்போ பி.ஏ. கடைசி வருஷத்திலேயே எம்.ஏ.வுக்கும் பணம் கட்டிடலாமா?"

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கும் பலருக்கும் இந்த ஆசை உண்டு. அவசரப்பட்டால் கட்டிய பணம் கோவிந்தாதான்!

இரட்டைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் பச்சைக்கொடி காட்டியது உண்மை. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. ஒன்று நேரடி, மற்றது அஞ்சல் வழி என்றும் படிக்கலாம். இரண்டுமே அஞ்சல் வழி என்றாலும் தடையில்லை.

ஆனால் எதில் சேர்ந்தாலும் அதற்குரிய தகுதி கையில் வேண்டும். எம்.ஏ.வுக்குத் தகுதி, பட்டப்படிப்பில் பாஸ். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

கடைசி செமஸ்டர் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. சொன்ன தேதிக்குள் பாஸ் சர்டிபிகேட் வரவில்லையா? சீட் போச்சு! ஒரே ஒரு பேப்பர் நின்றாலும் கதி இதுதான்.

பழைய பாடம்

பி.ஏ. படிக்காமலே திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேராக எம்.ஏ. வாங்கியவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அந்த எம்.ஏ. செல்லாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அப்படிப்பட்ட பட்டத்தை ஏற்க முடியாது என்று தமிழக அரசும் அதே ஆண்டில் உத்தரவு போட்டது. பட்டம் வீட்டுச் சுவரில் தொங்கியதோடு சரி!

முதலில் அரியரை எழுதி முடியுங்கள். எம்.ஏ. எங்கேயும் ஓடிப்போகாது.