மன்னார் மக்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள்?

மன்னார் நமக்கு அந்நிய ஊர் அல்ல. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன்மாரில் எத்தனையோ பேர் இலங்கை மண்ணில் முதலில் கால்வைத்தது அந்தக் கரையில்தான்.

அந்தத் தீவு மக்கள் 2025 ஆகஸ்டில் வீதிக்கு இறங்கினார்கள். புதிதாக 14 காற்றாலைகள் வேண்டாம், இல்மனைட் மணல் அகழ்வு வேண்டாம் என்பதே கோரிக்கை. 2020இல் திறக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே அங்கே நிற்கின்றன. அவை வந்த பிறகு கரையோர மீன்பாடு குறைந்துவிட்டது, மழைநீர் வடியும் வழி அடைபட்டுவிட்டது என்கிறார்கள் அம்மக்கள். மணலையும் அள்ளினால் கடல் உள்ளே வரும், கிணற்றுநீர் உவர்க்கும் என்று அஞ்சுகிறார்கள்.

ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். பிறகு தொடர்வதென்று அரசாங்கம் முடிவெடுத்தது. செப்டம்பர் 26 இரவு பொலிஸ் பாதுகாப்போடு காற்றாலைப் பாகங்கள் கொண்டுவரப்பட்டன. மறித்த மக்களில் பலர் காயமடைந்தார்கள். 29ஆம் திகதி மன்னாரில் ஹர்த்தால்.

"இவர்களைத் தூண்டிவிட்டது யார்?" என்று சிலர் கேட்கிறார்கள். நாம் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. 1940 ஜனவரியில் முல்லோயாவில் சம்பளப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டார். 1977 மே 11இல், 7000 ஏக்கர் தோட்டக் காணியைச் சுவீகரிப்பதை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். சம்பளம் போதவில்லை, காணி கைவிட்டுப் போகிறது என்பதை லயத்தில் இருப்பவருக்கு வெளியார் வந்தா சொல்லித்தர வேண்டும்?

ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் நமக்கு ஒருநாள் பேர் இல்லை. வள்ளம் இறங்காவிட்டால் மீனவர் வீட்டில் உலை இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஆசைக்காகப் போராட வருவதில்லை. மனுக் கொடுத்துப் பலனில்லை, பேசாமல் இருந்தால் இருப்பதும் போய்விடும் என்று தெரிந்த பிறகே வருகிறார்கள். பக்கத்து வீட்டார் இறங்கினால் பயமும் பாதியாகிறது.

மின்சாரம் வேண்டாமா என்றால், வேண்டும். காற்றிலிருந்து எடுப்பதும் நல்லதே. ஆனால் அதை எங்கே எடுப்பது என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். வாக்குக் கேட்க வீடு வீடாக வரத் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்க வழி தெரியாதா?

மன்னாருக்கு இன்று வந்தது நாளை நம் மலைக்கும் ஆற்றுக்கும் வரலாம். ஆகவே நம் தோட்டக் கமிட்டிகள் அடுத்த கூட்டத்திலேயே மன்னார் மக்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றட்டும். நம் சம்பளப் போராட்டத்துக்கு மற்றவர்கள் குரல் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், இப்போது மௌனமாக இருப்பது நியாயமில்லை.