"உள்ளதைத்தானே சொன்னேன்"



புறங்கூறி அகப்பட்டுக்கொண்டவர் வாயிலிருந்து முதலில் வரும் மறுமொழி ஒன்றுண்டு: "உள்ளதைத்தானே சொன்னேன், இல்லாததையா சொன்னேன்?" எட்டாவது கட்டளையைப் பொய் சொல்லாதிருத்தல் என்ற அளவிலேயே நம்மில் பலர் சிறுவயதில் மனனம் செய்தோம். ஆகவே, பொய் கலவாத பழிச்சொல் குற்றமன்று என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. திருச்சபை மட்டுமன்று, நாட்டின் சட்டமும் இவ்வெண்ணத்தை ஏற்பதில்லை.

"அவதூறுச் சட்டம் 2002ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டதே" என்பர் சிலர். அது பாதி உண்மை. அவ்வாண்டில் பாராளுமன்றம் நீக்கியது, தண்டனைச் சட்டக் கோவையில் அவதூறைக் குற்றமாக்கி, இரண்டாண்டுகள் வரை சிறைக்கு வழிவகுத்த ஏற்பாடுகளையே. எழுதுவோரை அச்சுறுத்தப் பயன்படக்கூடிய அக்கருவி ஒழிந்தது நன்றே. ஆனால் குடியியல் வழக்கு ஒழியவில்லை. அவதூறுக்கு ஆளானவர் உரோமன் டச்சுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் இன்றும் நட்டஈடு கோரலாம். (நம் மறையைத் தடைசெய்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டமே இன்று நம் நற்பெயருக்குக் காவல் நிற்பது வியப்புத்தான்.)

வழக்காளியைக் குறித்த இழிசொல் மூன்றாம் ஆள் ஒருவரைச் சென்றடைந்தாலே போதும். பத்திரிகையில் அச்சாக வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் இட்டாலும் அது வெளியிட்டதேயாகும். பிறர் எழுதியதை "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்று கைமாற்றியவரும் பொறுப்பிலிருந்து தப்புவதில்லை. இணையவழிப் பொய்யுரைகள் சிலவற்றை 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மீண்டும் குற்றவியலுக்குள் கொண்டுவந்ததையும் மறத்தலாகாது.

இனி, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்னும் வாதத்துக்கு வருவோம். நம் நாட்டில் உண்மை மட்டும் எதிராளியைக் காப்பதில்லை. சொன்னது உண்மை என்பதோடு, அதைச் சொன்னதால் பொதுநன்மை விளைந்தது என்பதையும் அவர் காட்டவேண்டும். 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதே இடத்தில்தான் நிற்கிறது. பொய்யால் ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒரு பாவம். தக்க காரணமின்றி அவருடைய உண்மையான குறையை, அறியாதவரிடம் அவிழ்த்துவிடுவது வேறொரு பாவம்.

தக்க காரணம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சிறுவர் ஒருவருக்கு இழைக்கப்படும் கொடுமையை, பொதுப்பணம் சூறையாடப்படுவதை உரிய அதிகாரிகளிடம் நல்லெண்ணத்துடன் முறையிடுவது புறங்கூறலன்று; கடமை. சட்டமும் அத்தகைய முறைப்பாட்டுக்குப் பாதுகாப்பளிக்கிறது. குடும்ப மானம், பங்கின் பெயர் என்று சொல்லி அதை மூடிமறைப்பவர் எட்டாவது கட்டளையைத் துணைக்கழைக்க வேண்டாம்.

உண்மைத் துணுக்குகளைக் கோத்தே ஒரு பெரும் பொய்யைக் கட்டலாம் என்பதற்குப் புனித யோசேப்வாஸ் அடிகளார் சான்று. 1692ஆம் ஆண்டில் அவர் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேயரின் ஒற்றன் என மன்னனிடம் கோள்மூட்டப்பட்டுச் சிறைப்பட்டார். அவர் போர்த்துக்கேயர் ஆண்ட கோவாவிலிருந்து வந்தவர் என்பது உண்மை. இலங்கைக்குள் மாறுவேடத்தில் நுழைந்தவர் என்பதும் உண்மை. ஒற்றன் என்பது மட்டுமே பொய். அவர் பிற்பாடு மன்னனின் நன்மதிப்பைப் பெற்றார். ஆனால் நம் போர்க்காலத்தில் இத்தகையதொரு சொல்லுக்கு இலக்கானவர்கள் பலருக்கு அந்தப் பிற்பாடு வாய்க்கவில்லை. அதை இப்பக்கத்தை வாசிக்கும் மூத்தோருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் அறிந்த ஒரு பங்கிலே, திருவிழாக் கணக்கு ஒரு மாதம் தாமதித்தது. "கணக்கு இன்னும் வாசிக்கப்படவில்லை" என்று யாரோ குழுவில் எழுதினார். அது உண்மையே. "பொருளாளர் வீட்டில் இப்போதுதான் மதில் கட்டுகிறார்கள்" என்று மற்றொருவர் எழுதினார். அதுவும் உண்மையே. இரண்டையும் சேர்த்து முடிவெடுக்கும் வேலையை வாசித்தவர்கள் செய்துகொண்டார்கள். பொருளாளரின் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. பின்னர் கணக்கு வாசிக்கப்பட்டபோது ஒரு சதமும் குறையவில்லை. அன்றைய தினம் அக்குழுவில் திருப்பலி நேரமும் மரண அறிவித்தலும் வந்தன. இதைப்பற்றி எவரும் எழுதவில்லை.

இங்கேதான் நாம் பெரிதும் தவறுகிறோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்புப் பெற்றதோடு காரியம் முடிந்தது என எண்ணுகிறோம். திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டிருப்பதுபோல, பெயரைக் கெடுத்தவர் அதை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவர் என்று திருச்சபை கற்பிக்கிறது. வெளிப்படையாகச் செய்ய இயலாதபோது மறைவாகவேனும் செய்யவேண்டும். நீதிமன்றம் பணத்தால் அளக்கும். நாமோ பழி எங்கே பரவியதோ அங்கே சென்றாக வேண்டும்.

அப்பங்கில் ஒரு தாயார் மட்டும் அவ்வாறு சென்றார். மாப்பிள்ளை வீட்டுப் படியேறி, "நானும் அந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பினேன், அது பிழை" என்று சொல்லிவந்தார். முறிந்த சம்பந்தம் மீண்டும் கூடவில்லை. ஆயினும் பாடற்குழுவை விட்டு விலகியிருந்த பொருளாளரின் மனைவி, அடுத்த ஞாயிறு தம் பழைய இடத்தில் வந்து நின்றார்.