சாம்பார் எங்கே கொதித்தது?

என் நண்பர் ஒருவருக்கு ஒரு கொள்கை உண்டு. வெளியூர் போனால், கிளைகள் உள்ள ஹோட்டலில் அவர் கை நனைக்க மாட்டார். "ஒரே பெயர்ப் பலகை இரண்டு ஊரில் தொங்கினால், இரண்டிலும் வியாபாரம்தான் நடக்கும், சமையல் நடக்காது" என்பார். ஊர்க் கோடியில், ஓட்டுக் கூரைக்குக் கீழே விறகடுப்பு எரியும் கடை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே பெஞ்சியில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றால்தான் அவருக்கு ஜன்மம் சாபல்யமாகும். தின்றுவிட்டு வந்து ஒரு மணி நேரம் அதைப் பற்றி நம்மிடம் பேசவும் செய்வார்.

என் மைத்துனர் இவருக்கு நேர் எதிர். பெரிய பெயரும் விளக்கு அலங்காரமும் கண்ணில் பட்டால்தான் காரை நிறுத்துவார். "தெரியாத இடத்தில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வானேன்? குழாயில் தண்ணீராவது வரும்" என்பது அவர் கட்சி.

இருவரும் படித்தவர்கள், இருவரும் நல்லவர்கள். இந்த விஷயத்தில் இருவருமே தவறு என்பது என் அபிப்பிராயம். கிளை ஹோட்டல்களில் சாப்பிடத் தகுந்தவை இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கும் வழி பலகையைப் பார்ப்பதில் இல்லை. ஒரு கேள்வி கேட்பதில் இருக்கிறது. அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் தாயார்.

சென்ற ஆண்டு அவரை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போனேன். விழுப்புரம் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் இறங்கினோம். பெயர் வேண்டாம். அம்மாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கும்படி டாக்டர் உத்தரவு. சாம்பாரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர், பரிமாறிய பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, உப்புத் தூக்கலா இருக்கே. மாஸ்டர் கிட்டே சொல்லி, உப்பில்லாம ஏதாவது கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்."

பையன் சிரித்தான். "மாஸ்டரா? சாம்பார் வண்டியில வருது பாட்டி. இங்க சூடு பண்றதுதான் எங்க வேலை."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார். மாலை நாலு மணி. அவன் கல்லாப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பதில் சொல்லாமலே அடுத்த மேஜைக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் மதுரைக்கு அருகே அதே ஹோட்டலின் இன்னொரு கிளை. சுமார் 300 கிலோமீட்டர் தாண்டி வந்திருந்தோம். அதே சாம்பார், அதே உப்பு. அம்மா இலையை மடித்துவிட்டு, "இந்த சாம்பார் எங்கேடா கொதிச்சது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மக்டொனால்டு சகோதரர்கள் என்று இரண்டு பேர் சாலையோரக் கடை ஒன்று வைத்திருந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948இல் அவர்களே மூடி, முழுவதும் மாற்றித் திறந்தார்கள். பண்டங்களின் பட்டியலைச் சுருக்கினார்கள், பரிமாறுகிறவர்களை நீக்கினார்கள், சமையலைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார்கள். ஒருவன் வாட்டுவான், ஒருவன் தடவுவான், ஒருவன் சுற்றுவான். 1955இல் ரே கிராக் என்பவர் அதை எடுத்துக்கொண்டு போய் உலகமெங்கும் பரப்பினார். அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் என்ன? சமையல் தெரிந்த ஆள் தேவையில்லை என்பதுதான். நேற்று வந்த பையனும் இன்று சமைக்கலாம். நாளைக்கு அவன் போனால் நாளை மறுநாள் இன்னொருவன்.

வறுத்த உருளைக்கிழங்குக்கு அது சரிப்பட்டிருக்கலாம். அதைச் சண்டைக்கு இழுக்க நான் வரவில்லை. நம்மவர்கள் அதே ஏற்பாட்டை இட்லிக்கும் சாம்பாருக்கும் கொண்டுவந்து ஒட்டியதுதான் என் புகார்.

இட்லி மாவு உயிருள்ள வஸ்து. புளிப்பது அதன் சுபாவம். சென்னை வெயிலில் ஓர் இரவில் பொங்கி வழிவது, உதகமண்டலத்துக் குளிரில் மறுநாள் மத்தியானம் வரை அசையாது. அரிசி புதிதா பழையதா, உளுந்து எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, இன்றைக்கு மழையா வெயிலா, எல்லாவற்றையும் பார்த்துத்தான் ஒருவர் உப்புப் போடும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் சரக்கு மாஸ்டர் என்று மரியாதையாக அழைப்பார்களே, அந்த மனிதரின் புறங்கையில் இருக்கிறது இந்த வித்தை. சாம்பாரும் அப்படித்தான். வறுத்த கொத்துமல்லியின் வாசனை கொதி வந்து இறக்கிய சற்று நேரத்துக்கே இருக்கும். வண்டி ஏறிப் பயணம் செய்து, மறுபடி அடுப்பில் ஏறும் சாம்பாரில் புளிப்பும் உப்பும் மட்டுமே ஊர் வந்து சேருகின்றன. தேங்காய்ச் சட்னியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காலை 7 மணிக்கு இருந்தபடியே மாலை 3 மணிக்கும் அது இருந்தால், சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

இதைப் படித்ததும் என் நண்பர், "பார்த்தீரா, நான் அப்போதே சொன்னேனே!" என்று துள்ளுவார். சற்றுப் பொறுக்க வேண்டும். அவருக்கும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கிறேன்.

அந்தப் பழைய சின்னக் கடைகளை நினைத்து உருகுகிறோமே, அவை எல்லாருக்கும் திறந்திருந்தனவா? என் தாத்தா இளமையில் ஒரு நகரத்து ஹோட்டலுக்குப் போனபோது, கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அங்கே சாப்பிட்ட பண்டத்தின் ருசியைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை. தாழ்வாரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றது 1957இல். சுதந்திரம் வந்து பத்து வருஷங்களுக்குப் பிறகு. பணத்தைக் கொடு, உட்கார், சாப்பிடு. நீ யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நிலையை நம் ஊர்களில் சாதாரண விஷயமாக ஆக்கியதில் பெரிய கிளை ஹோட்டல்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் புண்ணியத்தை அவற்றின் கணக்கில் எழுதாமல் விட எனக்கு மனசில்லை.

அதே 1957இல் இன்னொரு காரியமும் நடந்தது. காப்பி வாரியம் நாடெங்கும் காப்பி ஹவுஸ்களை நடத்தி வந்தது. 1950களின் நடுவில் அவற்றை மூட முடிவு செய்தது. வேலை இழந்து நின்ற தொழிலாளர்களுக்கு ஏ. கே. கோபாலன் ஒரு யோசனை சொன்னார்: நீங்களே சங்கம் சேர்த்து, நீங்களே எடுத்து நடத்துங்கள். பெங்களூரில் முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் பிறந்தது. அடுத்த ஆண்டு கேரளத்தில் திருச்சூரில் ஒரு காப்பி ஹவுஸ் திறந்தார்கள். தட்டு கழுவியவரும் காப்பி கொண்டுவந்தவரும் பங்குதாரர்கள் ஆனார்கள். அந்த இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் இருக்கிறது. பல மாநிலங்களில், பல சங்கங்களாக.

நாகர்கோவில் வந்ததும் ஒரு நாள் திருவனந்தபுரம் போனோம். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு அருகே, லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம். நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அதில் ஒரு காப்பி ஹவுஸ். விசிறி வைத்த தலைப்பாகையோடு வயதான சப்ளையர் ஒருவர் வந்தார். மசால் தோசை கேட்டேன். உள்ளே பீட்ரூட் போட்டுச் சிவப்பாக இருந்தது. அம்மா அதை ஏதோ விபத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். தம் உப்பு விஷயத்தைச் சொன்னார். சப்ளையர் உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, சாம்பாரில உப்புப் போட்டாச்சு, அதை ஒண்ணும் செய்ய முடியாது. காய்க் கறி இப்பத்தான் வேகுது. உப்புப் போடும் முன்னே ஒரு கிண்ணம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு துண்டு ரொட்டி வாட்டித் தரட்டுமா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோசை உலகத்திலேயே சிறந்த தோசை இல்லை. அம்மா வீட்டில் சுடும் தோசைக்கு உறை போடக் காணாது. ஆனால் அன்று அம்மா முழுவதும் சாப்பிட்டார். எழுந்திருக்கும்போது, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று அந்தப் பெரியவரைக் கேட்டார். "பதினொரு மணிக்கே ஆச்சும்மா" என்றார் அவர், கல்லாப் பக்கம் திரும்பிப் பார்க்காமல்.

தொழிலாளியே முதலாளியானால்தான் கறி ருசிக்கும் என்று நான் சட்டம் போடவில்லை. 1981இல் சென்னை கே. கே. நகரில் தொடங்கி உலகெல்லாம் கிளை விட்ட சரவண பவனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுவியவர் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றார். உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அவர் இறந்தார். அந்தப் பாவத்தை எந்தச் சாம்பாரும் கழுவாது. ஆனால் வேலைக்காரர்களுக்கு இருப்பிடம், வைத்தியச் செலவு, குடும்பத்துக்கு உதவி என்று அந்த ஹோட்டல் செய்து வந்ததும் ஊரறிந்த செய்தி. ஆள் நிலைத்து நின்றான், கை பழகியது, பெயர் பரவியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது சங்கடமாக இருக்கிறது. இருந்தாலும் இரண்டும் உண்மை.

2013இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தபோது இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்தார்கள். அவையும் கிளை ஹோட்டல்கள்தாம். நல்ல கிளை ஹோட்டல் எங்கே என்று கேட்கும் என் வாசகர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது அங்கே போய்ப் பார்த்திருப்பார்கள்? நாம் ருசியைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, பல சமயம் நம் அந்தஸ்துக்கு ஏற்ற நாற்காலியைத்தான் தேடுகிறோம்.

முதலாளிமார் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். "ஐம்பது கிளையிலும் ஒரே தரம் வேண்டுமே, சுத்தம் வேண்டுமே!" வேண்டியதுதான். பருப்பையும் மிளகாயையும் ஓரிடத்தில் வாங்குங்கள். பொடியை ஓரிடத்தில் அரையுங்கள். கணக்கை ஓரிடத்தில் பாருங்கள். மாஸ்டர்களை ஓரிடத்தில் பழக்குங்கள். ஆனால் அடுப்பை மட்டும் அந்தந்த ஊரில் விட்டுவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உப்பைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரை நிறுத்துங்கள். செலவு கூடும் என்பீர்கள். பளிங்குத் தரைக்கும் குளிர்சாதனத்துக்கும் கூடவில்லையா?

வாசகர்களுக்கு நான் சொல்வது மூன்றே யோசனைகள். பண்டங்களின் பட்டியல் புத்தகம் கனத்திருந்தால் எழுந்து விடுங்கள். இருநூறு பண்டம் புதிதாகச் சமைக்கும் அடுக்களை எங்கும் கிடையாது. ஆறு மாதம் கழித்து அதே ஹோட்டலுக்குப் போனால், பழைய முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, உட்கார்ந்ததும், "தம்பி, இந்தச் சாம்பார் எங்கே கொதித்தது?" என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம், அன்பாகவே கேளுங்கள். "உள்ளேதான் சார், இப்பத்தான் இறக்கினாங்க" என்றால் இலை போடச் சொல்லுங்கள். அவன் சிரித்தால் ஒரு காப்பியோடு கிளம்புங்கள்.

ஒருவர் கேட்டால் பையன் சிரிப்பான். நூறு பேர் கேட்டால் கல்லாவில் இருப்பவர் சிரிக்கமாட்டார்.

கிளம்புமுன், அந்தப் பையன் சாப்பிட்டானா என்பதையும் விசாரித்துவிடுங்கள். என் தாயார் இந்த இரண்டையும் ஒரே கேள்வியாகத்தான் கேட்கிறார்.